பிரம்பு யார் கையில்?

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை முதன்முதலில் வாசிக்கக் கேட்டவர்கள் உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள். ஊர் நடுவே அவமானப்படுத்தப்பட்டவர்கள். தங்களில் சிலர் சிறையில் கிடக்க, அவர்களுடைய துன்பத்தில் பங்கெடுத்தவர்கள். இதெல்லாம் அந்த நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. இரத்தம் சிந்தும் அளவுக்கு மட்டும் நிலைமை இன்னும் போகவில்லை என்று 12-ஆம் அதிகாரத்திலிருந்து தெரிகிறது. நிருபத்தை எழுதியவர் பவுல் என்று மரபு சொன்னது. ஆனால், அது உண்மையில் யார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஓரிகன் ஒதுங்கிக்கொண்டார். எழுதியவர் யாராக இருந்தாலும், களைத்துப்போன ஒரு சபை கையில் இருக்கும் கொஞ்ச நம்பிக்கையையும் விட்டுவிடுமோ என்ற கவலை அவரை எழுத வைத்திருக்கிறது.

அந்தச் சபைக்கு அவர் நீதிமொழிகள் 3-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பழைய அறிவுரையை எடுத்துத் தருகிறார். தகப்பன் தனக்குப் பிரியமான மகனைக் கண்டித்து வளர்ப்பதுபோல, கர்த்தரும் தாம் நேசிக்கிறவர்களைச் சிட்சிக்கிறார் என்பது அதன் சாரம். கிறிஸ்தவ உலகில் துன்பத்தைப் பற்றி இவ்வளவு அதிகமாக எடுத்தாளப்பட்ட பகுதி வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். இவ்வளவு தவறாகக் கையாளப்பட்ட பகுதியும் குறைவு. அன்பின் பெயரால் அது ஆறுதலாகியிருக்கிறது. அதே அன்பின் பெயரால் அடியாகவும் ஆகியிருக்கிறது. இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் அந்தப் பகுதியையே நிதானமாகப் பார்ப்போம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாவம் செய்ததால் இந்தக் கஷ்டம் வந்தது என்று நிருப ஆசிரியர் அங்கே ஓரிடத்திலும் சொல்லவில்லை. விசுவாசத்தை விடாமல் பிடித்திருந்ததால்தான் அவர்களுடைய சொத்து போனது. கொள்ளையிட்டவர்களும் சிறையில் தள்ளியவர்களும் மனிதர்கள். அந்த அநியாயத்தை ஆசிரியர் நியாயம் என்று சொல்லிவிடவில்லை. அதன் நடுவிலும் ஒரு தகப்பன் தன் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் சொல்கிறார். இதற்கு 5-ஆம் அதிகாரத்தில் அழுத்தமான சான்று இருக்கிறது: இயேசு குமாரனாக இருந்தும், தாம் பட்ட பாடுகளால் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது அது. அவர் பாவமில்லாதவர் என்று சொல்வதும் அதே நிருபம்தான். குற்றமே செய்யாதவரும் கடந்துபோன ஒன்றைக் குற்றத்துக்கான தண்டனை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அன்றைய ரோம உலகத்தின் குடும்ப வழக்கம் தெரிந்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். முறையாகப் பிறந்த மகன் தகப்பனின் சட்டபூர்வமான அதிகாரத்துக்குள் இருந்தான். வசதியுள்ள வீட்டில் அவனைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வரவும் நடத்தையைக் கவனிக்கவும் ஓர் அடிமையை அமர்த்தினார்கள். கண்டிப்பும் செலவும் அவன்மேல் விழுந்தன, ஏனென்றால் குடும்பத்தின் பெயரும் சொத்தும் அவனிடம்தான் போய்ச் சேரப்போகின்றன. முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை அந்த அதிகாரத்துக்குள் வரவில்லை. தகப்பனுக்கு அவனைப் பற்றிய பொறுப்பும் இல்லை. யாரும் கண்டிக்காத பிள்ளைக்கு வீட்டில் உரிமை இல்லை என்று நிருப ஆசிரியர் சொல்லும்போது இந்த வழக்கம்தான் அவர் மனத்தில் இருக்கிறது. ஊரே கைவிட்ட அந்தச் சபைக்கு அவர் சொல்ல வந்தது, நீங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல, உரிமைப் பிள்ளைகள் என்பதுதான். பிரம்பும் அந்தப் பகுதியில் இருக்கிறது. கசையடியின் கடுமையைச் சொல்லும் மொழியே வருகிறது. அதை மழுப்பிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அந்தப் பிரம்பை அவர் யார் கையில் வைக்கிறார் என்பதுதான் கேள்வி. பூமிக்குரிய தகப்பன்மார் கொஞ்ச காலம் தங்களுக்குத் தோன்றியபடி கண்டித்தார்கள், கடவுளோ நம்முடைய நன்மைக்காகச் செய்கிறார் என்று அங்கேயே ஒரு வேறுபாட்டையும் வைத்துவிடுகிறார். மனிதத் தகப்பனின் கண்டிப்பு தவறிப்போகக்கூடியது என்பதை அவர் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்.

தகப்பன் மகனை வளர்ப்பது என்ற இந்த உருவகத்தின் மூத்த வடிவம் உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வந்த மக்கள் 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் நடந்ததை மோசே நினைவூட்டுகிறார். கர்த்தர் அவர்களைப் பசிக்க விட்டார், பிறகு அவர்கள் அறியாத மன்னாவால் போஷித்தார். அத்தனை ஆண்டுகளிலும் உடுத்தியிருந்த துணி நைந்துபோகவில்லை, கால் வீங்கவும் இல்லை. கால் வீங்காத இந்தச் செய்திக்கு அடுத்தபடியாகத்தான், மகனைச் சிட்சிக்கிற தகப்பனைப்போல் கர்த்தர் உங்களை நடத்தினார் என்ற பேச்சு வருகிறது. பசியை அனுமதித்தவர் பாதங்களையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். சிட்சையைப் பற்றி வேதாகமத்தில் வருகிற எல்லாப் பகுதிகளிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

ஒருவருடைய பாதத்தைக் குனிந்து பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைத் தமிழ்நாட்டில் நன்றாக அறிந்திருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். படிப்புக்காகச் சிறுவயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். தாய் ஈவ்லின் முதுமை வரை மலை மக்களிடையே ஊழியம் செய்து 95 வயதில் காலமானார். மகன் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வது நோயின் இயல்பு என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் கண்டறிந்தது வேறு. நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வை எடுத்துவிடுகிறது. வலி போன பிறகு சூடும் வெட்டும் கல்லும் முள்ளும் நாள்தோறும் செய்யும் காயங்கள் ஆளுக்குத் தெரிவதில்லை. அந்தக் காயங்களில் சீழ் பிடித்துத்தான் விரல்கள் போகின்றன.

இதை அவருக்கு உணர்த்தியவை சின்னச் சின்னச் சம்பவங்கள். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் தடுமாறியபோது, தொழுநோயுள்ள ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்தால் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. இரவில் படுத்து எழுந்த நோயாளிகள் சிலருக்கு விரலில் ஒரு பகுதியே காணாமல் போயிருந்தது. காவல் இருந்து பார்த்ததில், தூங்கும்போது எலிகள் கடித்துத் தின்பது தெரிய வந்தது. அதன் பிறகு சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் பூனையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

பிறகு அவர் 1966-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செயற்கையாக வலியுணர்வை உருவாக்கப் பல ஆண்டுகள் முயன்றார்கள். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகளைப் பொருத்தினார்கள். அழுத்தம் ஆபத்தான அளவைத் தாண்டினால் காதில் ஓர் ஓசை எழும். நோயாளிகள் ஓசையைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அடுத்து, உணர்ச்சி இன்னும் மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்தான ஒரு வேலையைச் செய்ய வேண்டி வந்தால், நோயாளி இணைப்பை நிறுத்திவிட்டு வேலையை முடித்தார்; பிறகு மீண்டும் போட்டுக்கொண்டார். திட்டம் கைவிடப்பட்டது. நம் விருப்பத்துக்கு நிறுத்தி வைக்கக்கூடிய வலியால் பயனில்லை என்ற முடிவுக்கு பிராண்ட் வந்தார். 1993-இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து வெளியிட்ட நூலில், வலியை யாருக்கும் வேண்டாத ஒரு வெகுமதி என்றே அவர் அழைத்தார்.

சிட்சை அன்பாக இருக்க முடியும் என்பதற்கு உடலிலிருந்தே கிடைக்கும் இந்தச் சான்று என்னை எப்போதும் அசைக்கிறது. ஆனால் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வலி காப்பாற்றுவது சேதம் நேரும் முன்னே வரும்போதுதான். பல புற்றுநோய்கள் வலியே இல்லாமல் வளர்ந்து, எல்லாம் முடிந்த பிறகு தாங்கமுடியாத வலியைத் தருகின்றன. அந்த வலியால் யாரும் எதிலிருந்தும் கையை இழுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு. பிராண்ட் தம் நோயாளிகளிடம் வலியின் மேன்மையைப் பேசி நிறுத்திக்கொண்டவர் இல்லை; தசைநாண்களை மாற்றிக் கட்டி மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். எபிரெயர் 12-இலும் சிட்சையைப் பற்றிய பேச்சு முடிந்த கையோடு வருவது, தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் நிமிர்த்துங்கள், முடமானது பிசகிவிடாமல் குணமாகும்படி பாதையைச் செவ்வையாக்குங்கள் என்ற கட்டளைதான். கஷ்டத்தில் இருப்பவருக்குச் சிட்சையை விளக்கச் சொல்லி நிருபம் அந்தச் சபையை ஏவவில்லை. அவரை நடக்க வைக்கச் சொல்லி ஏவுகிறது.

வேதாகமத்துக்குள்ளேயே இந்தப் போதனைக்கு ஒரு பெரிய சோதனை நடக்கிறது. யோபு பத்துப் பிள்ளைகளையும் ஆஸ்தியையும் இழந்து, உடம்பெல்லாம் கொப்புளங்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்கிறார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். பிறகு எலிப்பாஸ் பேசத் தொடங்குகிறார். கடவுளால் கண்டிக்கப்படுவது பேறு என்றும், காயத்துக்குக் கட்டுப்போடுகிறவரும் அவரே என்பதால் அந்தச் சிட்சையைத் தள்ளிவிடக் கூடாது என்றும் 5-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். நீதிமொழிகள் 3-ஆம் அதிகாரத்துக்கும் இதற்கும் கருத்தில் வேறுபாடே இல்லை. ஆனாலும், புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய கோபம் எலிப்பாஸ்மேலும் மற்ற இருவர்மேலும் எழுகிறது. யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கண்டிக்கிறார். யோபு பேசியதோ புலம்பலும் வழக்காடலும்!

போதனை ஒன்றாக இருந்தும் எலிப்பாஸ் ஏன் கண்டிக்கப்பட்டார்? யோபு குற்றமற்றவர் என்பது முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்த நமக்குத் தெரியும், எலிப்பாஸுக்குத் தெரியாது. தெரியாத காரணத்தைத் தெரிந்ததுபோல் பேசினார். அடிபட்டவன் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டியதை, அடிபடாத ஒருவர் அவனைப் பார்த்துச் சொன்னார். எலிகூ என்ற இளைஞரும் அங்கே இருக்கிறார். படுக்கையில் வரும் வலி மனிதனைக் குழிக்குப் போகாமல் காக்கும் எச்சரிப்பாகலாம் என்று 33-ஆம் அதிகாரத்தில் வாதிடுகிறார். கர்த்தர் அவரைக் கண்டிக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. ஆகவே, வலி எச்சரிக்கும் என்ற கருத்தையே புத்தகம் தள்ளிவிட்டது என்று சொல்ல முடியாது. இந்த மனிதனின் இந்த வலிக்குக் காரணம் இதுதான் என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்வதை மட்டும் அது தாங்கிக்கொள்ளவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது இயேசு செய்ததும் இதுவே. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கணக்கை அவர் திறக்கவே விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைத் தங்கள் வாழ்க்கையைப் பார்க்கச் சொன்னார்.

119-ஆம் சங்கீதத்தில் உபத்திரவம் நல்லதாக முடிந்தது என்று சொல்கிறவர் தனக்கு நேர்ந்ததைத்தான் சொல்கிறார், அது முடிந்த பிறகு சொல்கிறார். எபிரெயர் நிருபமும் சிட்சை நடக்கும் காலத்தில் அது துக்கமாகவே இருக்கும் என்றும், பலன் பின்னால்தான் தெரியும் என்றும் ஒத்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் என் முடிவு இதுதான்: சிட்சையும் அன்புதான் என்பது பாடுபட்டவர் தம்மைப் பற்றி, திரும்பிப் பார்த்துச் சொல்லும் சாட்சி. அதை அடுத்தவர்மேல் சாட்டத் தொடங்கினால் அது குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. அதிகாரம் உள்ளவர் கையில் சிக்கினால் பிரம்பாகவே ஆகிவிடுகிறது.

அப்படி ஆனதைத் திருச்சபையின் மாபெரும் அறிஞர் ஒருவரிடமே பார்க்கலாம். வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் 354-இல் பிறந்த அகுஸ்தீன், பள்ளியில் அடிவாங்கிய சிறுவன். அடிபடாமல் காப்பாற்றும்படி கடவுளிடம் அழுது ஜெபித்ததையும், பெரியவர்கள், பெற்ற தாய்தகப்பன் உட்பட, அந்தக் காயங்களைப் பார்த்துச் சிரித்ததையும் அவர் தம் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலின் முதல் பகுதியில் எழுதியிருக்கிறார். அந்த நூலை எழுதும்போது அவர் ஆயர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்தச் சிறுவனின் பயம் அப்போதும் அவரிடம் அடங்கியிருக்கவில்லை.

ஆனால் அதே மனிதர் ஹிப்போவின் ஆயராகத் தொனாத்தியர் பிரிவினையைச் சந்தித்தபோது வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். துன்புறுத்தலின்போது பணிந்துபோன குருமாரின் திருச்சடங்குகள் செல்லாது என்று சொல்லிப் பிரிந்தவர்கள் தொனாத்தியர். தொடக்கத்தில் யாரையும் வற்புறுத்தி ஒற்றுமைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதே அகுஸ்தீனின் கருத்து. 405-இல் பேரரசர் ஹொனோரியுஸின் ஆணை வந்தது. சட்டத்துக்குப் பயந்து தம் சொந்த ஊரே கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பியதைக் கண்டு அவர் மனம் மாறியதாக வின்சென்சியுஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். தகப்பன் அடிப்பதும் அன்பு, பிள்ளை பிடிக்கிறவன் தட்டிக்கொடுப்பதும் கொடுமை என்று அந்த ஆண்டுகளில் யோவானின் முதல் நிருபத்தைப் பற்றிய பிரசங்கத்தில் விளக்கினார். அன்பிருந்தால் எதையும் செய்யலாம் என்ற பொருளில் உலகெங்கும் மேற்கோளாகிவிட்ட அவருடைய வாசகம் பிறந்தது இந்தப் பின்னணியில்தான் என்பதை அதை எடுத்தாளுகிறவர்கள் பலர் அறிவதில்லை.

அகுஸ்தீனை ஒரு கொடியவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. ஒரு குருவைக் கொன்ற குற்றவாளிகளுக்குக்கூட மரண தண்டனையோ உறுப்புச் சிதைப்போ வேண்டாம் என்று அதிகாரி மார்செலினுஸுக்குக் கடிதம் எழுதி மன்றாடியவர் அவர். ஆனால் அதே கடிதத்தில், கொக்கியும் நெருப்பும் இல்லாமல் பிரம்படியால் மட்டுமே வாக்குமூலம் வாங்கியதற்காக அவரைப் பாராட்டுகிறார். பிரம்படி ஆசிரியரும் பெற்றோரும், பல நேரம் ஆயர்களும், கையாளும் திருத்தும் முறைதானே என்கிறார். பள்ளியில் அழுது ஜெபித்த அந்தச் சிறுவன் இந்த வரியை எப்படி வாசித்திருப்பான்? அன்பு, தகப்பன், திருத்தம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பிரம்பு மட்டும் கடவுளின் கையிலிருந்து அரசாங்க அலுவலரின் கைக்குப் போய்விட்டது. பின்னாளில் மத விசாரணை மன்றங்களை நடத்தியவர்களுக்கு அகுஸ்தீனின் இந்த எழுத்துகள் ஆதாரமாகக் கிடைத்தன.

வீட்டுக்குள்ளும் இதே மாற்றம் நடந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு அவருடைய தாய் சூசன்னா 1732-இல் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஒரு வயதிலேயே, அல்லது அதற்கும் முன்பே, பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பிள்ளைகள் பழக்கப்பட்டார்கள் என்று அதில் வருகிறது. பிள்ளையின் சொந்த விருப்பத்தை முதலில் அடக்கிவிட வேண்டும், ஆன்மாவின் மீட்புக்கு அதுவே அடித்தளம் என்பது அந்தத் தாயின் உறுதி. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அடி இல்லை, ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனை இல்லை என்ற நல்ல விதிகளும் அந்த வீட்டில் இருந்தன. பல பிள்ளைகளைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்த தாய் அவர். அவருடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் சத்தமில்லாமல் அழப் பழகிய அந்தக் குழந்தையை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. நம்மூரிலும் ‘அடியாத மாடு படியாது’ என்பதையும் நீதிமொழிகளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பிரம்பெடுத்த ஆசிரியர்கள் ஏராளம். லூத்தரன் மரபில் ஊறிய சுவீடன் பெற்றோர் அடிப்பதையே 1979-இல் சட்டத்தால் தடுத்தது. உலகில் முதலில் அப்படிச் செய்த நாடு அதுதான். பள்ளியில் அடிப்பதை இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. இதை மார்க்கத்துக்கு விரோதமான போக்கு என்று வருத்தப்படும் கிறிஸ்தவர்களுக்கு, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்குக் கட்டளையிட்ட எபேசியர் நிருபமும் வேதாகமத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மனிதர் கையிலிருக்கும் பிரம்புக்கும் கடவுளின் சிட்சைக்கும் உள்ள வேறுபாட்டைத் தீர்க்கதரிசிகள் அழுத்திச் சொல்கிறார்கள். ஓசியா 11-ஆம் அதிகாரத்தில் கடவுள் பிள்ளைக்கு நடை பழக்கிய தகப்பனாகப் பேசுகிறார். தண்டிக்கப் போகும் நேரத்தில் அவருடைய உள்ளமே குழம்பித் தவிக்கிறது. ஏசாயா 53-இல் மற்றவர்களின் சமாதானத்துக்கான சிட்சை ஒரு பாடுபடும் ஊழியன்மேல் விழுகிறது. அந்த ஊழியனில் கிறிஸ்தவர்கள் சிலுவையில் தொங்கிய இயேசுவைப் பார்க்கிறார்கள். விசுவாசியின் துன்பத்தைப் பழிவாங்கும் தண்டனையாக எண்ணக் கூடாது என்று சீர்திருத்தவாதி கால்வின் வாதிட்டதும் இந்த அடிப்படையில்தான். அடியைத் தானே வாங்கிக்கொண்டவர் கையில் மட்டும்தான் இந்தப் பிரம்பை நம்பி விடலாம்.

இந்தப் போதனையைப் புத்தகமாக எழுதிவிட்டுப் பிறகு அதன் அடியிலேயே விழுந்தவர் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். 1940-இல், லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், ‘த ப்ராப்ளம் ஆஃப் பெயின்’ வெளிவந்தது. நாம் விரும்புவது பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைக்கும் ஒரு தாத்தாவை, நமக்குக் கிடைத்திருப்பதோ நம்மைச் சீராக்காமல் ஓயாத ஒரு தகப்பன் என்பது அதன் மைய வாதம். செவிடாகிப்போன உலகத்தை எழுப்பக் கடவுள் வலியை ஒலிபெருக்கியாகப் பயன்படுத்துகிறார் என்ற அவருடைய உவமை பிரசங்கங்களில் இன்றும் வலம் வருகிறது. நூலில் பிழை இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். கூர்மையான, நேர்மையான நூல் அது.

1956 அக்டோபரில், லூயிஸ் அதே ஆண்டு பதிவுத் திருமணம் செய்திருந்த ஜாய் டேவிட்மன் வீட்டில் தடுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. புற்றுநோய் ஏற்கெனவே அந்த எலும்பை அரித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எச்சரிக்க வேண்டிய வலி பிந்திப்போயிருந்தது. 1957 மார்ச்சில் மருத்துவமனைப் படுக்கையருகே ஒரு குரு அவர்களுக்குக் கிறிஸ்தவத் திருமணம் செய்துவைத்தார். யாரும் எதிர்பாராதபடி நோய் தணிந்தது. ஜாய் மறுபடி நடந்தார். 1960-இல் இருவரும் கிரீஸ் நாட்டுக்குக்கூடப் போய்வந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி ஜாய் இறந்தார்.

அதன் பிறகு லூயிஸ் குறிப்பேடுகளில் எழுதியதுதான் ‘எ க்ரீஃப் அப்சர்வ்ட்’. 1961-இல் வேறொரு பெயரில் வெளியிட்டார். 1963-இல் அவர் இறந்த பிறகே சொந்தப் பெயரில் வந்தது. அந்தச் சின்னப் புத்தகத்தில் கதவு முகத்தில் அடித்துச் சாத்தப்படுகிறது, உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்கிறது. கடவுள் உயிரோடு அறுத்துப் பார்க்கும் கொடியவராக இருந்தால் என்ன என்று கேட்கிறார். பின்பு, நல்ல அறுவை மருத்துவர் என்றால் பாதியில் நிறுத்த மாட்டாரே, அது இன்னும் பயங்கரமாயிற்றே என்று நடுங்குகிறார். 1940-இல் அமைதியாக எழுதிய தகப்பனைப் பற்றிய வாதத்தை அவர் எங்கும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அது ஒரு முறைகூட அவருக்கு எளிதில் கைகொடுக்கவில்லை. நூலின் கடைசிப் பகுதியில் அந்த மூடிய கதவு, பதில் சொல்லாமல் ஆனால் இரக்கத்தோடு பார்க்கும் ஒரு பார்வையாக மெல்ல மாறுகிறது. அங்கே போய்ச் சேர அவருக்கு வேண்டியிருந்த காலத்தை யாரும் சுருக்கிக் கொடுத்திருக்க முடியாது. 1940-ஆம் ஆண்டு நூலை நம்பிக்கையோடு வாசிக்கிறவர்கள் 1961-ஆம் ஆண்டு நூலையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அம்மாவாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் தவறான இடத்தில் தோண்டப்பட்டிருந்த ஒரு குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். 1951 ஜனவரியில் 83 வயதில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையோடும் படுக்கையோடும் கழித்தார். நோயாளிகளுக்கென்று அச்சடித்த ஆறுதல் பிரசுரங்கள் அவருக்கும் வந்தன. நல்ல உடம்போடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் எழுத்து தம்மைத் தொடவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகத் தாமே எழுதி, 1933-இல் ‘ரோஸ் ஃப்ரம் ப்ரையர்’ என்ற பெயரில் வெளியிட்டார். வலி குறைந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அதனால் அந்த எழுத்து ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குப் பேசுகிறது. ஆரோக்கியமான ஒரு போதகர் அவருடைய கட்டில் ஓரம் உட்கார்ந்து, இது கர்த்தர் தரும் சிட்சை அம்மா என்று சொல்லியிருந்தால் எலிப்பாஸின் பேச்சோடு இன்னொரு பேச்சாக அது சேர்ந்திருக்கும். தம் வலியிலும் கடவுளின் கை இருக்கிறது என்று ஏமி அம்மையார் தாமே எழுதியபோது, வேறு ஊர்களில் படுத்துக் கிடந்தவர்கள் அதை நம்பினார்கள்.